பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்? கேனன் 200டியோடு சில வருஷங்கள்

கேமரா வாங்கப்போகிறேன், எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக் கூடம் எத்தனை அடி என்றுதான் நான் முதலில் கேட்பேன். பட்ஜெட் எல்லாம் அப்புறம். அன்றாடப் படங்களில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளும் தெருவிலும் எடுப்பவை. குழந்தை சாப்பிடுவது, அம்மா பூ தொடுப்பது, கொலுப்படி, பிறந்தநாள் கேக், மாட வீதியில் சாமி புறப்பாடு என்று எதை எடுத்துக்கொண்டாலும் பின்னால் நகர்ந்து நிற்க இடம் இருக்காது. இந்த இடநெருக்கடியை வைத்து லென்ஸை முடிவு செய்ய வேண்டும். அந்த லென்ஸ் எந்த பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) நன்றாக உட்காரும் என்று பார்த்து பாடியை வாங்க வேண்டும். கடையில் பேச்சு பாடியில் தொடங்கி மெகாபிக்சலில் முடிந்துவிடுகிறது. லென்ஸ் கடைசியில் கூடவே வரும் பொருளாகிவிடுகிறது.

நான் பயன்படுத்துவது கேனன் இஓஎஸ் 200டி. 2017இல் வந்த மாடல், 24.2 மெகாபிக்சல், க்ராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய ஒளி உணரி). பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 453 கிராம்தான். டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே ஆடி வைத்த லென்ஸ் மாற்றும் கேமராக்களில், இவ்வளவு எடை குறைந்தது அதிகம் இல்லை, அதற்காகவே இதை எடுத்தேன். இதோடு கிட் லென்ஸாக வந்த 18-55, அப்புறம் 55-250, 50 மி.மீ. எஃப் 1.8, 24 மி.மீ. எஃப் 2.8 ஆகியவை இருக்கின்றன. மி.மீ. எண் குறைந்தால் காட்சி அகலும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாக நுழையும். சென்னையில் அடுக்குமாடி வீடு. சில வருஷங்களாகக் கேமராவை விட்டு அநேகமாகக் கழற்றாத லென்ஸ் அந்த 24தான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாகக் கேமரா வாங்கும் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, "ஒரு 50 வாங்கிப் போடுங்க" என்பது. விலை குறைவு, எஃப் 1.8 வரை திறக்கும், பின்னணி அழகாக மங்கும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த அறிவுரை ஃபிலிம் காலத்தில் பிறந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் 50 என்பது இயல்பான பார்வைக் கோணம். கேனனின் க்ராப் சென்சார் அதைவிடச் சிறியது. அகலம் சுமார் 22.3 மி.மீ.தான். அதில் 50 மாட்டினால் 1.6 மடங்கு நெருக்கமாகி, 80 மி.மீ. லென்ஸின் கோணம்தான் கிடைக்கும். அது முகம் எடுப்பதற்கான கோணம்.

கணக்காகவே பார்க்கலாம். அறை பத்தடிக்குப் பத்தடி. ஆள் ஒரு சுவர் ஓரம், நீங்கள் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நிற்கிறீர்கள் என்றால் நடுவில் இரண்டரை மீட்டர் தேறும். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் 1.1 மீட்டர். மூன்று பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாலும் ஓரத்தில் ஒருவர் பாதிதான் வருவார். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் நிற்கும் பெரியவர் ஒருவர் தொடை வரைக்கும்தான் வருவார். பட்டுப்பாவாடை கட்டி நிற்கும் வளர்ந்த பிள்ளைக்குப் பாவாடைக் கரை படத்தில் வராது. பெரியவர் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 14 அடி வேண்டும். நம் வீடுகளில் 14 அடி நேர்க்கோட்டில் கிடைப்பது வாசலிலிருந்து சமையற்கட்டுக் கதவு வரை பார்த்தால்தான்.

அதே இடத்தில் நின்று 24 மி.மீ. மாட்டினால் 2.3 மீட்டர் அகலம் கிடைக்கிறது. சோபாவும் அதில் இருப்பவர்களும் பக்கத்துச் சுவரில் தொங்கும் தாத்தா படமும் வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்) கணக்கில் இது 38 மி.மீ. கோணம். முகத்தை இழுத்துக் காட்டாது, ஓரத்தில் நிற்பவரைக் குண்டாக்காது. செல்போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24லிருந்து 26 மி.மீ. கோணத்தில் இருக்கும். பக்கத்தில் நிற்பவரின் முகம் அதில் சற்றுப் பெருத்துத் தெரிவதற்கு, அந்த அகலத்துக்காக நாம் ரொம்ப நெருங்கிப்போவதுதான் காரணம். 38 அந்தச் சிக்கலிலிருந்து விலகி நிற்கிறது. அம்மா "கொஞ்சம் தள்ளி நின்னு எடுடா" என்று சொல்வதே நின்றுபோய்விட்டது.

இந்த லென்ஸ் 2014இல் வந்தது. எடை 125 கிராம், கனம் 22.8 மி.மீ. மாட்டினால் கேமரா ஒரு சாதாரண தோள்பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நுழைந்துவிடும். பாடியோடு சேர்த்து அறுநூறு கிராமுக்கும் கீழே. அன்றாடப் படம் எடுப்பவருக்கு இதைவிட முக்கியமான குணம் எனக்குத் தெரியவில்லை. பீரோவில் இருக்கும் அருமையான லென்ஸால் நேற்றைய மழையை எடுக்க முடியாது. அதோடு 16 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். பூத் தொடுக்கும் விரல்கள், தோசைக்கல்லின் விளிம்பு, ஜிமிக்கியின் கல் எல்லாவற்றுக்கும் தனி மேக்ரோ லென்ஸ் தேடாமல் சமாளிக்கலாம். 50 மி.மீ. லென்ஸுக்கு 35 செ.மீ. வேண்டும்.

அடுத்து வெளிச்சம். கிட் லென்ஸ் எஃப் 4இல் தொடங்கி 55 மி.மீ. முனையில் 5.6 ஆகிவிடும். 5.6க்கும் 2.8க்கும் நடுவே வெளிச்சத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். ராத்திரி டியூப்லைட்டில் ஓடும் குழந்தையை எடுக்கும்போது இந்த நான்கு மடங்கின் அருமை தெரியும். நான் வீட்டுக்குள் எம் மோடில் (நாமே அமைக்கும் முறை) எஃப் 2.8, ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ என்று வைத்துவிட்டு மறந்துவிடுவேன். ஐஎஸ்ஓ பெரும்பாலும் 1600க்கும் 3200க்கும் நடுவில் நிற்கும். 200டியில் 3200 வரை தாராளமாக அச்சுப் போடலாம்.

1/100 என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/250, 1/500 என்று வைத்தால் அந்தத் துடிப்பின் ஏதோ ஒரு பகுதிதான் படத்தில் பதியும். ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு, சிலவற்றில் குறுக்கே பட்டை. 1/100இல் ஒரு முழுத் துடிப்பும் அடங்கிவிடுவதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. குழந்தை குதிக்கும்போது கை கொஞ்சம் அலையும். குதித்து உச்சியில் நிற்கும் கணத்துக்குக் காத்திருந்தால் போதும்.

நம் தோல் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கறுத்த முகமுடைய ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால், கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரிந்துபோகும். பிறகு மென்பொருளில் தூக்கினால் நிறம் சாம்பலாகிவிடும். எடுக்கும்போதே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) முக்கால் ஸ்டாப் போலக் கூட்டி வைத்தால் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்), அந்தத் தோலின் செம்பழுப்பு அப்படியே வரும். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். கறுப்பைக் கறுப்பாக, அதன் மினுமினுப்போடு எடுப்பது ஒரு கேமராவால் முடிகிற பெரிய மரியாதை. செல்போன்கள் பல தாமாகவே முகத்தை வெளுக்க வைப்பதால்தான் நான் இதற்குத் தனிக் கேமரா வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொல்கிறேன். குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொன்னிறத்தைக் கேமரா பிழை என்று நினைத்துக் கழுவிவிடும்.

தெருவுக்கு வருவோம். மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் அன்று மாட வீதிகளில் கூட்டத்துக்குள் நின்று பாருங்கள், 24 எதற்கு என்று புரியும். முன்னால் இருப்பவரின் தோளுக்கும் சப்பரத்துக்கும் நடுவே கைநீளம்தான் இடம். 200டியின் திரை பக்கவாட்டில் திறந்து எந்தப் பக்கமும் திரும்பும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, விரலால் தொட்ட இடத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்துவிடலாம். மார்கழியில் வாசல் கோலத்தை மேலிருந்து நேராக எடுக்கவும் இதே வித்தைதான்.

இந்த பாடியின் ஆட்டோஃபோகஸ் திரை வழியாகப் பார்க்கும்போது ஒரு மாதிரி, வியூஃபைண்டர் (கண்ணை ஒட்டிப் பார்க்கும் சாளரம்) வழியாகப் பார்க்கும்போது வேறு மாதிரி. வியூஃபைண்டரில் 9 புள்ளிகள்தான், நடுப்புள்ளி மட்டும் நம்பகமானது. திரையில் டூயல் பிக்சல் (சென்சாரே ஃபோகஸ் கண்டுபிடிக்கும் முறை) இருப்பதால் படத்தின் பெரும்பகுதியில் எங்கே தொட்டாலும் சட்டென்று பிடிக்கும். 50ஐ 1.8இல் திறந்து கண்ணில் ஃபோகஸ் வைக்க வேண்டுமென்றால் நான் திரையைத்தான் பயன்படுத்துவேன். வியூஃபைண்டர் 95 சதவீதம்தான் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் துணிக்கொடியும் செருப்பும் அப்போது கண்ணுக்குப் படாதவை. 4கே வீடியோ கிடையாது. வீடியோ முக்கியம் என்றால் இந்த பாடி வேண்டாம். பாடியில் அதிர்வைத் தடுக்கும் வசதியும் இல்லை.

மற்ற லென்ஸ்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50ஐ மண்டபத்துக்கு எடுத்துப்போவேன். சீமந்தம், காதுகுத்து, கல்யாணம் என்று இடம் தாராளமாக இருக்கும்போது, தூரத்தில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு பாட்டியின் முகத்தை அவருக்குத் தெரியாமலே எடுக்க அதை அடிக்க ஆள் இல்லை. 2.8இல் வைத்தால் இன்னும் கூர்மை. 55-250 கோபுரத்துக்கு. கீழிருந்து வெறும் வண்ணமாகத் தெரியும் சுதைச் சிற்பங்களின் விரலும் விழியும் 250இல்தான் பிரியும். பள்ளிக்கரணைப் பறவைகளுக்கு அதுவும் எட்டாது. கிட் லென்ஸ் ஊர்ப்பயணத்துக்கு, அவ்வளவுதான். ஆனாலும் புதிதாக வாங்குபவர்கள் முதலில் கிட் லென்ஸோடு சில மாதம் இருங்கள். எடுத்த படங்களின் விவரத்தைக் கணினியில் திறந்தால் எத்தனை மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று இருக்கும். பெரும்பாலானவை எந்த எண்ணைச் சுற்றிக் குவிகின்றனவோ, அதுதான் நீங்கள் அடுத்து வாங்க வேண்டிய பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே மி.மீ. லென்ஸ்).

வேறு கம்பெனி கேமரா இருப்பவர்கள் மி.மீ. எண்ணை விட்டுவிட்டுக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35க்கும் 45க்கும் நடுவே வருகிற சின்ன லென்ஸ் எதுவும் நான் சொன்ன வேலையைச் செய்யும். நிக்கான் இசட் க்ராப் பாடிகளுக்கு 24 மி.மீ. எஃப் 1.7 இருக்கிறது. ஃபூஜியில் 27 மி.மீ. எஃப் 2.8, கையில் இருப்பதே தெரியாது. கேனன் ஆர்50 போன்ற மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே ஆடி இல்லாத கேமரா) 28 மி.மீ. எஃப் 2.8 பொருந்தும். லென்ஸை மாற்றவே பிடிக்காது என்பவர்களுக்கு சிக்மா 18-50 எஃப் 2.8, விலை கூடினாலும் வீடு, தெரு இரண்டுக்கும் ஒன்றே போதும். நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

எந்த லென்ஸாக இருந்தாலும் கடற்கரை ஊர்களில் அதற்கு எதிரி பூஞ்சைதான். உறவினர் ஒருவரின் பழைய ஜூமை டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்திவலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் இடத்தில் இது வளரும், சென்னையில் அது வருஷத்தின் பெரும்பகுதி. தோல் பையிலும், துணி நிறைந்த பீரோவிலும் லென்ஸை வைக்காதீர்கள். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஒரு குட்டி ஈரப்பதமானி, இவ்வளவு போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். ஏசி அறையிலிருந்து மே மாத வெயிலுக்குப் போகும்போது கேமராவை மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டு, அப்புறம் எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

200டி இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பாதகமில்லை. இழையோ புகைப்படலமோ தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். எஃப் 16இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் சென்சார் அழுக்கு தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆர் முடிந்துபோன கதையாயிற்றே, லென்ஸில் காசைப் போடலாமா என்று தயங்குபவர்களுக்கு: கேனன் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அடாப்டர் (இணைப்பு வளையம்) மூலம் ஆர் வரிசை மிரர்லெஸ் பாடிகளிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் அதனால் படத்தின் தரம் குறையாது. நானும் பாடியை மாற்றும்போது இந்த 24ஐ அப்படித்தான் எடுத்துப்போவதாக இருக்கிறேன்.