அமெரிக்காவில் ஏடிவி விபத்து: தனி வழக்கா, கூட்டு வழக்கா?

ஏடிவி என்பது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. அதில் கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில் (வேகம் கூட்டும் விசை) சிக்கிக்கொண்டது, வண்டி கவிழ்ந்தது, இடுப்பெலும்பு முறிந்தது. இப்படி அடிபட்டவருக்கு முன்னால் இரண்டு வழிகள்: வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் தனியாக வழக்குப் போடலாம், அல்லது அதே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காகச் சேர்த்து நடக்கும் கூட்டு வழக்கில் (class action) இருக்கலாம்.

பணம்
தனி: வக்கீல் பெரும்பாலும் முன்பணம் கேட்பதில்லை, ஜெயித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்.
கூட்டு: கைச்செலவு இல்லை, கிடைப்பதும் பெரும்பாலும் சின்னத் தொகைதான்.

நிரூபணம்
தனி: வடிவமைப்பு, தயாரிப்பு, எச்சரிக்கை இவற்றில் எதில் குறை, அதனால்தான் காயமா என்று நிபுணரை வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு வண்டிதான் உயிர். பழுது பார்க்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடாதீர்கள். தார்ப்பாய் மூடி ஷெட்டில் அப்படியே வையுங்கள்.
கூட்டு: இந்த அலைச்சல் குறைவு.

கெடு
வழக்குப் போடுவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காய வழக்குக்கு டென்னசியில் 1 வருடம், கலிபோர்னியாவில் 2.

சரி, யாருக்கு எது? உடம்பில் அடி என்றால் தனி வழக்குதான். ஒவ்வொருவர் காயமும் வேறு என்பதால் கூட்டு வழக்கு அங்கே பொருந்துவது அபூர்வம். அடிபடாமல், குறையுள்ள வண்டிக்குக் கொடுத்த காசு மட்டும் வீணானவர்களுக்குக் கூட்டு வழக்கு போதும். அப்புறம், கூட்டு வழக்கு நோட்டீஸ் தபாலில் வந்தால் விலகுவதற்கான கடைசித் தேதியை முதலில் பாருங்கள்; பேசாமல் இருந்தால் பொதுவாக நீங்களும் உள்ளே என்றுதான் கணக்கு.