கோல்ட்பர்க் கேனன்களுக்கு ட்ரியோவா, குவார்டெட்டா, ரெக்கார்டரா? கலர் போட்டு ஓடவிட்டா தெரியற வித்தியாசம்

பாஹோட கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் 1741-ல அச்சானது, ரெண்டு மேனுவல் (கட்டை வரிசை) இருக்கற ஹார்ப்சிகார்டுக்குன்னு முகப்புலயே போட்டிருக்கும். அத சின்ன குழுவுக்கு மாத்தி எழுதி ஸ்க்ரீன்லயும் ஒவ்வொரு குரலையும் (தனியா நடக்கற மெலடி கோடு) கலர் கலரா ஓடவிடணும்னு எறங்கினா, எந்த வாத்தியத்துக்கு எழுதறதுங்கறதுதான் மொதல் கேள்வி. நான் வயலின், வியோலா, செல்லோன்னு ட்ரியோ பக்கம்தான் போனேன், இப்பவும் அதுதான் சரின்னு நினைக்கறேன். குவார்டெட் (ரெண்டு வயலின், வியோலா, செல்லோ), ரெக்கார்டர் (புல்லாங்குழல் வகை) குழு, இந்த மத்த ரெண்டும் எங்க ஜெயிக்குதுன்னும் சொல்லிடறேன்.

நோட்ட இழுத்துப் பிடிக்கறது, சத்தத்த மெதுவா ஏத்தி எறக்கறது, இதெல்லாம் வில்லு போடற வாத்தியத்துல வரும், ஹார்ப்சிகார்டுல வராது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முன்னாடி யாரு பண்ணிருக்காங்கன்னு பாத்தாலும் ரெண்டு பக்கமும் பெரிய ஆளுங்க இருக்காங்க. 1985-ல பாஹோட 300-வது வருஷத்துக்கு வயலினிஸ்ட் திமித்ரி சிட்கோவெட்ஸ்கி கோல்ட்பர்க்க ட்ரியோவுக்கு எழுதி பியானிஸ்ட் க்ளென் கூல்டோட நினைவுக்கு சமர்ப்பணம் பண்ணாரு. குவார்டெட்டுன்னா மோட்சார்ட்டே இருக்காரு, 1782-ல பாஹோட வெல் டெம்பர்ட் க்ளேவியர் ரெண்டாம் பாகத்துலேர்ந்து அஞ்சு ஃபியூக (ஒரே கருவ குரல்கள் ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு வர்ற வடிவம்) எடுத்து குவார்டெட்டுக்கு மாத்தினாரு, மோட்சார்ட் பட்டியல்ல அது கே 405. அஞ்சுமே நாலு குரல் ஃபியூக், அதனால நாலு பேருக்கு அச்சா உக்காந்துச்சு.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே விஷயம், இந்த நோட்டு யாரோடது? கோல்ட்பர்க்ல ஒவ்வொரு மூணாவது வேரியேஷனும் ஒரு கேனன், அதாவது ஒரு குரல் சொன்னத இன்னொரு குரல் கொஞ்சம் தள்ளி அப்படியே சொல்லும், மூணாவது யூனிசன்ல (அதே சுருதி), ஆறாவது செகண்ட்ல (ஒரு படி தள்ளி), ஒன்பதாவது தேர்ட்ல (ரெண்டு படி தள்ளி), இப்படியே ஏறி 27-ல நைன்த் வரைக்கும் போகும். 27-ல பேஸ் (அடிக்குரல்) கிடையாது, ரெண்டே குரல். மத்த எல்லா கேனன்லயும் ரெண்டு குரல் ஒண்ண ஒண்ணு துரத்தும், கீழ ஒரு பேஸ் தனியா நடக்கும். மூணு குரல், மூணு ஆளு, கணக்கு நேரா இருக்கு.

இப்ப கீபோர்டு மிடி ஃபைல (எந்த நோட்டு எப்ப ஆரம்பிச்சு எப்ப நிக்குதுன்னு பதிஞ்ச கம்ப்யூட்டர் ஃபைல்) எடுத்து அப்படியே ஓடவிட்டுப் பாருங்க, பெரும்பாலும் வலது கை ஒரு ட்ராக், இடது கை ஒரு ட்ராக்னுதான் இருக்கும், துரத்தற ரெண்டு குரலும் வலது கைக்குள்ளயே இருக்கறதால ரெண்டுக்கும் ஒரே கலர் விழும். மூணாவது வேரியேஷன்ல இது ரொம்ப மோசம், யூனிசன் கேனன்ங்கறதால ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) கழிச்சு வர்ற ரெண்டாவது குரலும் அதே உயரத்துலதான் வரும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து பூந்து போகும், ஒரே நீலக் கலர்ல பாத்தா சிக்குப் புடிச்ச நூல் மாதிரிதான் இருக்கும். இன்னொரு தொல்லையும் இருக்கு, ரெண்டு குரலும் ஒரே நோட்டுல சந்திச்சா, ஒரே மிடி சேனல்ல இருந்தா மொதல் குரலோட நோட்-ஆஃப் (நோட்ட நிறுத்தற கட்டளை) வந்து ரெண்டாவது குரலோட நோட்டையும் சேத்து நிறுத்திடும், காதுலயும் காணோம் கண்ணுலயும் காணோம். ட்ரியோவுக்கு எழுதிட்டா வயலினுக்கு ஒரு ஸ்டேவ் (அஞ்சு கோட்டு வரி), வியோலாவுக்கு ஒரு ஸ்டேவ், தனித்தனி சேனல், தனித்தனி கலர், இந்தப் பிரச்சினையே எழாது. ஒரு தடவ உக்காந்து நோட்டு நோட்டா இது யாருதுன்னு பிரிச்சு முடிச்சா போதும், வாசிக்கறவங்களோட பார்ட்டும் அதுலேர்ந்தே வந்துடும், படமும் அதுலேர்ந்தே வந்துடும், பின்னாடி ஏதாவது திருத்தினாலும் ஒரே எடத்துல திருத்தினா போதும்.

பிரிச்சதுக்கப்புறம் ஆறாவது வேரியேஷன ஓடவிட்டா, வயலின் எறங்கற அதே கோடு ஒரு பார் தள்ளி ஒரு படி மேல வியோலா கலர்ல எறங்கறது பளிச்சுனு தெரியும். 12-வதும் 15-வதும் இன்னும் அழகு, அதுல பின்னாடி வர்ற குரல் தலைகீழா வரும், வயலின் ஏறினா வியோலா எறங்கும், காதுக்குப் புடிபட கொஞ்ச நேரம் ஆகற அந்த விஷயம் ஸ்க்ரீன்ல ஏரிக்கரை மரமும் தண்ணில விழற அதோட நிழலும் மாதிரி உடனே தெரிஞ்சிடும். 15 ஜி மைனர்ல வேற இருக்கறதால அத நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பேன்.

வியோலாவுக்கு பதிலா ரெண்டாவது வயலின் வைக்கலாமேன்னு கேப்பாங்க, யூனிசன் கேனனுக்கு அது உண்மையிலயே பொருத்தம், வியோலா அந்த உயரத்துல கொஞ்சம் சிரமப்படும். ஆனா கீழ் குரல் வயலினோட ஜி கம்பிக்கும் கீழ எறங்கிட்டா வழியே இல்ல, அதோட ரெண்டு வயலினும் ஒரே குரலா கேக்கும், காது கண்ண நம்பியே இருக்கணும்.

குவார்டெட் ஜெயிக்கறது 4, 10, 22, 30-ல. நாலுமே நாலு குரல், 10 ஃபுகெட்டா (சின்ன ஃபியூக்), 30 க்வாட்லிபெட் (நாட்டுப் பாட்டுகள ஒண்ணா கலந்தது). ட்ரியோவுல இதுக்கெல்லாம் யாராவது ஒருத்தர் டபுள் ஸ்டாப் (ஒரே நேரத்துல ரெண்டு கம்பி) போட்டே ஆகணும், அப்ப ஒரு ஆளுக்கு ஒரு கலர்ங்கற கணக்கு ஒடஞ்சு போகுது. நான் படத்துக்குன்னு ஒரு காப்பி வச்சு அதுல மட்டும் நாலாவது குரல தனி ஸ்டேவுக்கு எடுத்துடறேன். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனா முழு கோல்ட்பர்க்கையும் குவார்டெட்டுக்கு எழுதினா பாதி நேரம் ஒருத்தர் சும்மா உக்காந்திருப்பாரு, இல்லன்னா அவருக்காக இல்லாத நோட்ட சேக்கத் தோணும், அது எனக்கு சுத்தமா ஒப்பல. வெறும் ஃபியூக் மட்டும் எழுதறவங்க கண்ண மூடிட்டு குவார்டெட் போகலாம்.

ரெக்கார்டர் குவார்டெட்டுக்கு நான் அதிகம் எழுதினதில்ல, அதனால அளவா சொல்றேன். மொத்தமும் ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல ஒலிக்கும், சாதாரண பேஸ் ரெக்கார்டர் எஃப்-க்கு கீழ போகாது, கோல்ட்பர்க் பேஸ் அதுக்கும் கீழ போற எடங்கள மடிச்சு, அதாவது ஒரு ஆக்டேவ் மேல தூக்கி, எழுதணும். மடிச்சா ஸ்க்ரீன்ல பேஸ் கோடு திடீர்னு எகிறும், அந்த பேஸ்தான் மொத்த 30 வேரியேஷனுக்கும் அஸ்திவாரம்ங்கறப்ப மனசு கேக்கல. மூச்சு விட எடமும் பாக்கணும். ஆனா சத்தம் தெளிவா, மெல்லிசா இருக்கும், வீட்டுல சேந்து வாசிக்க சுகமா இருக்கும்.

படத்துக்கு நொட்டேஷன் ஓடவிடறதா, கலர் பட்டை ஓடவிடறதாங்கறதுல எனக்கு யோசனையே இல்ல. நொட்டேஷன் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான், பட்டை எல்லாருக்கும். ஸ்டீபன் மாலினோவ்ஸ்கி மியூசிக் அனிமேஷன் மெஷின்னு பல வருஷமா காட்டிட்டு வர்ற வழி அது, மேல கீழன்னா சுருதி, இடமிருந்து வலம்னா நேரம். ஒரே ஒரு எச்சரிக்க, ஆளுங்க வாசிச்ச ரெக்கார்டிங்கோட சேக்கணும்னா பீட்டு பீட்டா நேரத்த தட்டி சரி பண்ணணும், 25-வது அடாஜியோ மாதிரி இழுத்து வாசிக்கறதுல இது நல்லாவே நேரம் எடுக்கும்.

29 மட்டும் இன்னும் எனக்கு ட்ரியோவுல திருப்தியா வரல. ரெண்டு கையும் மாறி மாறி கார்டு (பல நோட்டு ஒண்ணா) அடிக்கற வேரியேஷன் அது, குரல்னு பிரிக்கவே அதுல ஒண்ணும் இல்ல, மூணு பேருக்கும் பங்கு போட்டா அந்த அடி போயிடுது. அதுக்கு இப்போதைக்கு வலது கை ஒரு கலர், இடது கை ஒரு கலர்னு கீபோர்டு ஃபைலையே ஓடவிடறேன்.