மதுரையில் மகளுக்குச் சாப்பாடு: பால், கோதுமை, கடலை, எள் நான்கும் ஆகாத பிள்ளையோடு ஒரு விடுமுறை

லண்டனிலிருந்து கிளம்பும்போது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அங்க பாப்பாவுக்கு என்ன கிடைக்கும்?" மகளுக்கு மூன்று வயது. பால், கோதுமை, நிலக்கடலை, எள் நான்கும் அவளுக்கு அலர்ஜி, ஒத்துக்கொள்ளாது. போய்ப் பார்த்த பிறகு சொல்கிறேன், மாற்று உணவுக்கு மதுரையில் பஞ்சமே இல்லை. இட்லி, இடியாப்பம், அரிசிப் புட்டு, தேங்காய்ப்பால், கேழ்வரகுக் கூழ் எல்லாம் அங்கே அன்றாடச் சாப்பாடு. கவனிக்க வேண்டியது அதோடு கூடச் சேருகிற எண்ணெய், நெய், பெருங்காயம் மூன்றையும்தான்.

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்த டப்பாக்களும் கிடைக்கின்றன. பின்பக்கம் திருப்பிப் படித்துத்தான் வாங்க வேண்டும். கேழ்வரகு சேமியாவும் அப்படித்தான். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், உள்ளே பாதி கோதுமை.

பச்சைப் புள்ளியை நம்பி எதையும் வாங்காதீர்கள். சைவம் என்பதற்கு மட்டுமே அது அடையாளம். பால் சேர்ந்த பொருளுக்கும் அதே புள்ளிதான். இந்திய விதிப்படி பால், கோதுமை, நிலக்கடலை இருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய 14 பொருட்களில் எள் உண்டு, இந்தியப் பட்டியலில் இல்லை. நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் இல்லாத வீடே இல்லாத நாட்டில் எள்ளைச் சேர்க்காமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆகவே எள்ளுக்கு மட்டும் மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தே தீர வேண்டும்.

எண்ணெய்க்கு முதலில் தெருமுனைச் செக்குக்குத்தான் போனேன். தேங்காய் எண்ணெய் கேட்டேன். மகளைப் பற்றிச் சொன்னதும் கடைக்காரர் போத்தலைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "வேணாம்மா. காலைல கடலை ஆட்டுனோம், அதே செக்குலதான் கொப்பரையும் போடுறோம். பாக்கெட் எண்ணெயா வாங்கிக்கோங்க." வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வறுகடலைக் கடையிலும் இதே சிக்கல்தான். பொட்டுக்கடலை அவளுக்கு ஆகும். ஆனால் நிலக்கடலை வறுத்த அதே மணலில் வறுபட்டு வந்தால் ஆகாது. அதனால் சட்னிக்குத் தேங்காய் மட்டும் அரைத்தோம்.

ஓட்டலில் பரிமாறுகிறவரைக் கேட்டுப் பயனில்லை, மாஸ்டரிடமே பேச வேண்டும். அதுவும் கூட்டம் சேருவதற்கு முன், காலை ஏழு மணிக்குள். "இதில் பால் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். "எதைத் தடவுகிறீர்கள், எதில் தாளிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இட்லித் தட்டுல நல்லெண்ணெய் தடவுவோம்க்கா. பாப்பாவுக்கு மட்டும் புதுத் துணி விரிச்சு தனியா அவிச்சுத் தர்றேன்" என்றார். சொன்னபடியே செய்தார். தோசை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதே கல்லில் நெய் ரோஸ்ட்டும் கோதுமை தோசையும் வார்க்கிறார்கள்.

பால் விஷயத்தில்தான் அறிவுரைகள் குவிந்தன. "ஆட்டுப்பால் குடுத்துப் பாரு" என்றார் அத்தை. பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, இரண்டிலும் உள்ள புரதம் அவ்வளவு ஒத்தது. ஒரு மருந்துக் கடையில் லாக்டோஸ் இல்லாத பால் பவுடரை எடுத்து நீட்டினார்கள். லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அதை எடுத்தாலும் அலர்ஜி உண்டாக்கும் புரதம் அப்படியே இருக்கும். விவரம் தெரியாமல் வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. நெய்யிலும் அந்தப் புரதம் கொஞ்சம் தங்கும் என்று அத்தையிடம் பொறுமையாகச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவளுக்கென்று தனிக் கரண்டி, தனிச் சட்டி வைத்து, நெய் டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார்.

தேங்காய்ப்பால் ருசிக்குச் சரி, பாலுக்கு ஈடாகாது. அதில் புரதமும் கால்சியமும் குறைவு. அதனால் சோயா பாலும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கடையில் விற்கிற சத்துமாவைத் தொடவே இல்லை. அதில் கோதுமையும் நிலக்கடலையும் சேர்ந்திருப்பது வழக்கம். கேழ்வரகை வீட்டிலேயே கழுவிக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்துக்கொண்டோம்.

மருந்து விஷயத்தில் மட்டும் எதையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கடும் அலர்ஜி வந்தால் உடனே போடுகிற அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டையும் மருத்துவர் கடிதத்தையும் கைப்பையிலேயே கொண்டு போனோம். பேனாவை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. மதுரை வெயிலில் வெளியே போகும்போது வெப்பம் தாங்கும் பையில் போட்டு, நிறுத்திய காரில் விடாமல் கூடவே எடுத்துப் போனோம். ஊசியைத் தொடையில் எப்படிப் போடுவது என்று அத்தைக்கும் மாமாவுக்கும் பயிற்சிப் பேனாவை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். போட்டதும் 108-ஐ அழைக்க வேண்டும், பிள்ளை தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். அவளைத் தூக்கிக்கொண்டு யார் கடைக்குக் கிளம்பினாலும் அந்தப் பை கூடவே போனது.