டாம் பேக்கருக்கு முன்னால் டிராட்டனை ஏன் வைக்கிறேன்

பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகரான டாக்டர், காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் வேற்றுக்கோளர். அவர் சாகும் தறுவாயில் உடல் முழுதும் மாறி வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். கூடு விட்டுக் கூடு பாயும் நம் பழங்கதைகளில் உயிர் இடம்பெயரும். இங்கே உயிர் இருந்த இடத்திலேயே இருக்க, கூடு மாறுகிறது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றியிருந்த 1966ஆம் ஆண்டில், தொடரை நிறுத்தாமல் நடத்துவதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட வழி இது. பின்னர் வந்தவர்களில் சிறந்தவர் யார் என்று கேட்டால் டாம் பேக்கர் அல்லது டேவிட் டென்னன்ட் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். நான் இரண்டாம் டாக்டரான பேட்ரிக் டிராட்டனைச் சொல்வேன். பல நூற்றாண்டு வாழ்ந்த ஒருவரை நடிக்கும்போது, நடிகர் எதைக் காட்டுகிறார் என்பதைவிட எதை மறைக்கிறார் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

டிராட்டன் தம் முன்னவரைப் போல நடிக்க முயலவில்லை. 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' என்ற முதல் கதையில் அவர் குழல் ஊதுகிறார். கேட்ட கேள்விக்கு நேராக விடை சொல்லாமல், டாக்டரை யாரோ மூன்றாம் மனிதர் போலக் குறிப்பிடுகிறார். உடன் வந்த பென்னும் பாலியும் இவர் அவர்தானா என்று குழம்பியிருக்க, அவரை அடையாளம் கண்டுகொள்வது ஒரு டாலெக், அதாவது இயந்திரக் கூட்டுக்குள் வாழும் அவருடைய பழைய எதிரி இனத்தில் ஒன்று. அஞ்சி ஓடுபவர் போலவும் கோமாளி போலவும் தோன்றி, எதிரி அசட்டையாக இருக்கும் நொடியில் பிடியை இறுக்கும் அந்த நடிப்புமுறையின் சாயலைப் பின்னால் வந்த பலரிடம் காணலாம். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' கதையில் சாலமாண்டர் என்னும் கொடியவனாகவும் அவரே இரட்டை வேடம் ஏற்றதைப் பார்த்தால், டாக்டரின் குழைவு முழுவதும் திட்டமிட்ட நடிப்பு என்பது விளங்கும். அக்கதையின் தொலைந்திருந்த பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்த செய்தி 2013இல்தான் வெளியாயிற்று. பழைய நாடாக்களை பிபிசி அழித்துவிட்டதால் அவருடைய கதைகள் பல இன்றும் முழுமையாக இல்லை. அவர் புகழ் குறைந்து நிற்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

1974 முதல் 1981 வரை ஏழு பருவங்கள் நடித்த டாம் பேக்கர் எதையும் மறைப்பவர் அல்லர். அகன்ற விழிகள், பல் தெரியும் சிரிப்பு, தரையைத் தொடும் கழுத்துத்துணி என எல்லாமே வெளியே இருக்கும். 1975இல் வந்த 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில், இரண்டு கம்பிகளை இணைத்தால் டாலெக் இனமே தொடக்கத்திலேயே அழிந்துவிடும் என்ற நிலையில், தமக்கு அந்த உரிமை உண்டா என்று அவர் தயங்கி நிற்பது இத்தொடரின் உச்சங்களில் ஒன்று. ஆனால் பிற்பகுதியில் டாக்டரைப் பார்க்கிறோமா, டாம் பேக்கரைப் பார்க்கிறோமா என்ற ஐயம் எனக்கு அடிக்கடி எழுகிறது.

டென்னன்டிடம் வேகமும் கண்ணீரும் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான அவர் பாத்திரத்துக்காகத் தென் இங்கிலாந்துப் பேச்சை ஏற்றார். அதே நாட்டவரான பீட்டர் கபால்டியோ தம் சொந்தப் பேச்சையே டாக்டருக்குக் கொடுத்தார். 2010 புத்தாண்டு நாளில் "எனக்குப் போக விருப்பமில்லை" என்று சொல்லி டென்னன்டின் டாக்டர் மறைந்தது மனத்தை உருக்கியது உண்மைதான். இருப்பினும் புதுப்பிறப்பாக இருக்கவேண்டிய நிகழ்வை அது சாவு வீடாக்கிவிட்டது. அடுத்து வந்த மேட் ஸ்மித் அந்தத் துக்கத்தைச் சில நிமிடங்களிலேயே கலைத்தது அவருடைய திறமை.

டிராட்டனுக்கு அடுத்த இடத்தைக் கபால்டிக்குத் தருவேன். ஹார்ட்னெல் தொடங்கியபோது இருந்த அதே 55 வயதில் தேர்வானவர் அவர். அவருடைய முதல் பருவத்தில் கடுமை அளவுமீறிப் போனது. ஆனால் 2015இல் வந்த 'ஹெவன் சென்ட்' பகுதியில், ஏறக்குறைய தனியொருவராக ஒரு கோட்டைக்குள் அலைந்து, வைரத்தைவிடக் கடினமான சுவரைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கையால் குத்தும்போது, அந்தச் சினத்துக்கு அடியில் இருந்தது துயரம் என்று தெரிகிறது.

கபால்டிக்கு ஒரு பகுதி முழுவதும் தேவைப்பட்டதை டிராட்டன் ஓரிரு நிமிடங்களில் செய்திருக்கிறார். 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதையில், தந்தையை இழந்து டாக்டருடன் பயணிக்கும் விக்டோரியா, டாக்டரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறாள். வேண்டும்போது அவர்களை நினைவுக்குக் கொண்டுவர முடியும், மற்ற நேரங்களில் அவர்கள் மனத்துக்குள் உறங்குகிறார்கள் என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அதுவரை மறைத்து வைத்திருந்த முதுமை அங்கே ஒருமுறை வெளியே வருகிறது. அடுத்த கணமே பழைய குறும்பு முகம் திரும்பிவிடுகிறது.