சுவரை உடைக்காமல் கண்டுபிடித்த கசிவு: தருமபுரியில் ஒரு பிளம்பரின் சேவை

தருமபுரி இலக்கியம்பட்டியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்வரை ஈரம் ஏறி, பெயிண்ட் பொரிந்து, அதன் அடியிலிருந்து மாவு போல உப்பு உதிரத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருப்பதால் காரணம் தண்ணீர்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. முதலில் வந்து பார்த்த பிளம்பர் ஸ்பேனரின் பிடியால் சுவரை இரண்டு முறை தட்டிவிட்டு, உள்ளே பதித்த குழாய் விரிசல் விட்டுவிட்டது, டைல்ஸை உடைத்து லைன் முழுவதையும் மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டைல்ஸின் நிறம் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் மட்டுமே நான் உடனே சம்மதிக்கவில்லை. அந்தத் தயக்கம்தான் பென்னாகரம் சாலையில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் மற்றொருவரிடம் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடையில் அவரும் அவர் தம்பியும் மட்டுமே இருக்கிறார்கள். இப்போது வரும் அழைப்புகளுக்கே போய்வர முடியவில்லை, பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

இவர் வந்து பார்ப்பதற்கே முந்நூறு ரூபாய் வாங்குகிறார். வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தத் தொகை உண்டு என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார். "பார்க்கறதுக்குக் காசா?" என்று என் கணவர் முணுமுணுத்தார். எனக்கும் முதலில் அது உறுத்தியது. ஆனால் இலவசமாகப் பார்க்க வருபவர் தன் கூலியை உடைக்கும் வேலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்பதையும், பார்ப்பதற்கே கூலி வாங்குபவருக்கு "இதில் உடைக்க ஒன்றுமில்லை" என்று சொல்வதில் நட்டம் இல்லை என்பதையும் பிறகு புரிந்துகொண்டேன்.

பையைத் திறப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீங்க ஊருக்குப் போயிருந்தப்போ இந்த ஈரம் கொறஞ்சுதாங்க அக்கா?" மே மாதம் ஒன்பது நாள் சேலத்தில் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது சுவர் காய்ந்து வெளிறிக் கிடந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, வெயில் காலம் என்பதால் காய்ந்திருக்கும் என்று அன்று விட்டுவிட்டோம். மேல்தொட்டியில் தண்ணீர் இருந்து, வால்வும் திறந்தே இருந்ததா என்று கேட்டார். இருந்தது. தொட்டியிலிருந்து வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், அது உடைந்திருந்தால் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாதபோது நின்றுவிடுகிற கசிவு, நாம் ஊற்றும் தண்ணீர் வெளியேறும் வழியில்தான் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நான்கு மாதம் நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்த சுவரில் எங்களுக்குப் புலப்படாத ஒன்று, ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது.

அந்த ஊகத்தோடு அவர் நின்றுவிடவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஷவரைக் கழற்றி அந்த வாயிலும், குழாய்களைக் கழற்றிய மற்ற வாய்களிலும் டெஃப்லான் டேப் சுற்றிய பிளக்குகளை முறுக்கி அடைத்தார். ஒரு வாயில் மட்டும் கையால் அடிக்கும் டெஸ்டிங் பம்பைப் பொருத்தி, மீட்டர் முள் சதுர சென்டிமீட்டருக்கு நான்கு கிலோ என்ற அழுத்தத்தைத் தொடும்வரை அடித்தார். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம்தான் வரும். எங்கள் தொட்டிக்கும் குளியலறைக் குழாய்க்கும் இடையே ஆறு மீட்டர்கூட இல்லை என்பதால், அன்றாடம் தாங்குவதைவிட ஆறு மடங்குக்கு மேல் அந்தக் குழாய் அன்று தாங்கியது. ஒரு மணி நேரம் கழித்தும் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு மாற்றச் சொன்ன லைன் முழு நலத்துடன் இருந்தது.

அடுத்து நஹானி டிராப்பின், அதாவது குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் துளையின், வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் அரை பாட்டிலை அதில் கலந்துவிட்டார். நீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு, மாலை வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். மாலைக்குள் தண்ணீர் கோட்டிலிருந்து ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. மறுநாள் காலை படுக்கையறையில் ஸ்கர்ட்டிங் கல்லுக்கும் சுவருக்கும் இடையே, மைப்பேனாவால் இழுத்தது போல மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. டிராப்பைச் சுற்றியும் மூலை ஓரத்திலும் டைல்ஸ் இணைப்புகளில் அடைத்திருந்த சிமெண்ட் அரித்துப்போய், ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே இறங்கும் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது.

அரித்தது யார் என்று பார்த்தால் நாங்கள்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 740 மில்லிகிராம் என்று வந்தது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் குடிப்பதற்கே இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு 600. இந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் விடும், அதைப் போக்க மாதம் இருமுறை ஆசிட் ஊற்றித் தேய்ப்போம், ஆசிட் படலத்தைக் கரைப்பது போலவே டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் கரைத்துவிடும். எங்கள் ஊரில் பலர் இந்த வெள்ளைப் படலத்தை ஃப்ளோரைடு என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது கால்சியமும் மெக்னீசியமும் விடும் உப்பு. ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது, சுவையிலும் தெரியாது, காய்ச்சினாலும் போகாது; எங்கள் பகுதி நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் அந்த ஃப்ளோரைடைத் தவிர்க்கத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு, 2013-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டிலும் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே போர் தண்ணீர்.

பழுது பார்த்த முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குளியலறையை மூன்று நாள் பூட்டி, மின்விசிறி வைத்துக் காயவிட்டு, இடுக்குகளில் எஞ்சியிருந்த பழைய பூச்சைச் சுரண்டியெடுத்து, எபாக்சி என்ற பிசின் கலவையை அடைத்தார்கள். சிமெண்ட் பூச்சைவிட இதற்கு விலை அதிகம் என்றாலும் ஆசிட்டால் எளிதில் அரிக்காது. அதற்காக இனியும் ஆசிட் ஊற்றலாம் என்று எண்ண வேண்டாம், டிராப் மூடியும் குழாய்களின் பளபளப்பும் அப்போதும் கெடும் என்று சொல்லி, படலம் பிடித்த இடத்தில் வினிகரை அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கச் சொன்னார்.

அதே வினிகரைக் கொண்டு சமையலறைக் குழாய்க்கும் அவர் வழி காட்டினார். சிங்க் குழாயில் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. புதுக் குழாய் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, வீடு முழுக்கத் தண்ணீர் குறைவாக வருகிறதா, ஒரு லைனில் மட்டுமா, ஒரே ஒரு குழாயில் மட்டுமா என்று கேட்டார். வீடு முழுக்க என்றால் தொட்டியின் வாயையும் முதல் வால்வையும் பார்க்க வேண்டும், ஒரு லைன் என்றால் அந்த லைனின் வால்வை, ஒரே குழாய் என்றால் குற்றம் அந்தக் குழாயிலேயே. மூக்கின் நுனியில் இருந்த சல்லடையைத் துணி சுற்றித் திருகிக் கழற்றினார். கண்ணெல்லாம் உப்பு அடைத்து, வெள்ளைப் பொத்தான் போல இருந்தது. ஒரு கிண்ண வினிகரில் போட்டதும் அது சீறி நுரைத்துக் கரைந்தது. இதற்குக் காசு வாங்கவில்லை. வாஷ் பேசினில் சொட்டிக்கொண்டிருந்த அரைச்சுற்றுக் குழாயில் மட்டும், உள்ளே இருக்கும் பீங்கான் தட்டில் மணல் கீறியிருந்ததால் அந்தத் தட்டோடு சேர்ந்த திருகுத் தண்டான ஸ்பிண்டிலை மாற்றினார். பழைய வகைக் குழாயாக இருந்திருந்தால் ரப்பர் வாஷரோடு முடிந்திருக்கும்.

இனி குறைகள். ஃபிளஷ் தொட்டியில் அவர் செய்த வேலை முதல் முறையே சரியாக அமையவில்லை. தொட்டியில் நீலம் கலந்து, ஃபிளஷ் செய்யாமலே கோப்பைக்குள் நீலம் இறங்குவதைக் காட்டி, அடி வாஷரை மாற்றியதுவரை நல்லது. ஆனால் மிதவையை ஒரு விரல் அளவு கூடுதல் உயரத்தில் வைத்துவிட்டதால், பத்து நாளில் தண்ணீர் வழிகுழாய்க்குள் ஏறி, முன்பு அடியில் போன தண்ணீர் இப்போது மேல்வழியாகப் போகத் தொடங்கியது. கூப்பிட்டு ஆறு நாள் கழித்துத்தான் வந்தார். அதுவரை ஒவ்வொரு முறையும் தொட்டிக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். திருகைச் சுற்றி மிதவையை இறக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அதை நானே செய்திருக்கலாம் என்பது வேறு, தொலைபேசியில் அவர் சொல்லித் தந்திருக்கலாம் என்பது வேறு. மேலும் நாளைக்கு என்று சொன்னால் இவரிடம் அது மூன்றாம் நாள் என்றே கொள்ள வேண்டும். கேட்டால்தான் பில் தருகிறார். சுரண்டியெடுத்த தூளை வாளியோடு குளியலறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சோலார் ஹீட்டர் லைனில் காற்று அடைத்து வெந்நீர் நின்றுவிடுவதைச் சொன்னபோது, அதைக் கம்பெனி ஆளிடமே காட்டுங்கள் என்று கைவிரித்துவிட்டார். தெரியாததைத் தொடாமல் விட்டதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்க்க வந்ததற்கு 300, சோதனைக்கு 500, எபாக்சிக்கு 1,250, கூலி 1,500, ஃபிளஷ் வாஷருக்கு 220, ஸ்பிண்டிலுக்கு 180 என மொத்தம் 3,950 ரூபாய் ஆயிற்று. அவசரமாகக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியடிக்கிற வீட்டுக்கு இவரைப் பரிந்துரைக்க மாட்டேன், அவர் வருவதற்குள் தொட்டி காலியாகிவிடும். எங்கே கசிகிறது என்று தெரியாமல், யாரோ உடைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள் காத்திருந்தாவது இவரைக் கூப்பிடலாம். எங்கள் சுவரில் இப்போது ஈரம் இல்லை. பொரிந்த பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருக்கிறோம். பழைய ஈரம் உள்ளிருந்து முழுவதும் வெளியேற ஒரு கோடையாவது வேண்டும் என்று அவர் சொல்லியிருப்பதால், பெயிண்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.