அப்பாவின் மார்கழி இருமலும் எங்கள் ஊர் சுகாதார நிலையமும்

மார்கழியில் ஊரில் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. டொராண்டோவில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் டிசம்பர் கடைசியில்தான் வருகிறது. துபாய் வழியாகச் சென்னை, அங்கிருந்து எழும்பூரில் இரவு ரயில் ஏறிக் கும்பகோணம், அப்புறம் அரைமணி ஆட்டோ. விடியற்காலைப் பனியில் வயல்கள் தெரியவே இல்லை. அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

ஆனால் ரயிலை விட்டு இறங்கும்போதே தொண்டை அரிக்க ஆரம்பித்துவிட்டது. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். கனடாவில் வீட்டு ஹீட்டரில் ஏற்கெனவே காய்ந்திருந்த மூக்கு, பதினைந்து மணி நேரத்துக்கு மேல் அந்தக் காற்றில் இன்னும் காய்ந்தது. ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தேன், அதுவும் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். சாதாரண சளியை அது தடுக்கவும் தடுக்காது. சளி உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகை இருக்கிறது.

எனக்கு வந்தது பெரிய விஷயமில்லை. செய்யக்கூடாததைச் செய்தேன் என்பதுதான் விஷயம். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற அப்பாவைக் கட்டிப்பிடித்தேன், ஒரே தட்டில் பொங்கல் சாப்பிட்டோம், பனிக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்தோம். மூன்றாம் நாள் அப்பாவுக்கு இருமல். அவருக்கு 78 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு.

அவர் கேட்டுக்கொண்டபடி நான் முதலில் போனது கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு. “சளி, இருமல், வயசானவர்” என்று சொன்னேன். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. நாலைந்து டப்பாவிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் கத்தரியால் ஒன்றொன்றாக வெட்டி, மூன்று வேளைக்கும் தனித்தனியாகச் சின்னக் காகித உறையில் போட்டு, “சாப்பாட்டுக்கு அப்புறம், மூணு நாள்” என்றார். ஊரில் இதற்கு ‘செட் மாத்திரை’ என்று பெயர். ஒரு உறைக்குள் ஐந்து மாத்திரை: ஒன்று கேப்சூல், ஒன்று மஞ்சள், ஒன்று மிகச் சின்ன வெள்ளை. வெட்டிய துண்டுகளில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று அவர் கேட்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, அப்பாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

அன்று மதியம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற அக்கா வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என்னைப் போல் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வார்த்தையில் சொல்ல முடியாது. அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றும்போதே அவர் இருமலைக் கவனித்துவிட்டார். “எத்தனை நாளா தாத்தா? நாளைக்குக் காலைல அவசியம் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. அந்தப் பொட்டலத்தையும் கொண்டு வாங்க.”

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையம். ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை. ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். வராந்தாவில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்ததால் அப்பாவை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் முகக்கவசத்தோடு வரிசையில் நின்றேன். இருமுகிறவர்களுக்குத் தனி வரிசை வைத்தால் நன்றாக இருக்கும்.

டாக்டர் அம்மா முப்பது வயது இருப்பார். முதுகில் நாலு இடத்தில் ஸ்டெத் வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். விரலில் ஆக்ஸிஜன் பார்த்தார், 96. பொட்டலத்தைப் பிரித்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட்டை இல்லாம இது என்னன்னு நான் எப்படிம்மா சொல்றது? இந்த மாதிரி செட்ல ஸ்டீராய்டு சேர்த்திருந்தா சர்க்கரை எகிறிடும். மூக்கடைப்புக்குக் குடுக்கிற சில மாத்திரை பிரஷரை ஏத்தும். கேப்சூல் ஆன்டிபயாடிக்கா இருந்தா வைரஸ் சளிக்கு அது ஒண்ணும் பண்ணாது.”

அவர் எழுதியது காய்ச்சல் வந்தால் மட்டும் போட்டுக்கொள்ள பாராசிட்டமால், அவ்வளவுதான். அதைவிட அவர் சொன்னதுதான் பெரிய மருந்து. மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனாலோ உடனே வர வேண்டும், ராத்திரியாக இருந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும். “பனி மட்டும் சளியைக் கொண்டு வராது. பனிக்குப் பயந்து கதவைச் சாத்திட்டு ஒரே அறையில படுக்கிறீங்க பாருங்க, அதுலதான் ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குத் தொத்துது” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதே வளாகத்தில் சித்தா பிரிவு. அப்பா எதிர்பார்த்துப் போனது ஆடாதோடை மணப்பாகு. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்களாம். சித்த மருத்துவர் முதலில் கேட்டது, “ஐயாவுக்குச் சர்க்கரை இருக்கா?” மணப்பாகு என்பதே சர்க்கரைப் பாகில் காய்ச்சுவது, அதனால் வேண்டாம் என்றார். பதிலுக்கு ஆடாதோடைக் குடிநீர்ச் சூரணம் கொடுத்தார். ஆடாதோடை, அதிமதுரம், திப்பிலி, தாளிசபத்திரி சேர்ந்தது. தண்ணீர் விட்டு நன்றாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்க வேண்டும். “அதிமதுரம் ரொம்ப நாள் சாப்பிட்டா பிரஷர் ஏறும். மூணு நாளோட நிறுத்திடுங்க.” நாட்டு மருந்து என்றால் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கனடாவில் இருமல் வந்தால் வாரக்கணக்கில் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களைத் திறந்தேன். எனக்கும் பிள்ளைகளுக்கும் மாடி அறை, அப்பாவுக்குக் கூடம். டம்ளர், துண்டு எல்லாம் தனித்தனி. அம்மா தூதுவளை ரசம் வைத்தாள். கொதிக்கிற பானைமேல் போர்வை போர்த்தி வேது பிடிக்க மட்டும் நான் சம்மதிக்கவில்லை, அப்பாவுக்குக் கை நடுங்கும், பானை கவிழ்ந்தால் வெந்துவிடும். வெந்நீர் குடிக்கக் குடிக்கச் சளி இளகியது. தூங்கும்போது தலையணையை உயர்த்தி வைத்தோம். அவர் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்தான்: விடியற்காலைக் கோயில். ஐந்து நாள் மட்டும் வெயில் வந்தபின் போகச் சம்மதித்தார். ஏழாம் நாள் இருமல் பாதியாகக் குறைந்தது, பத்தாம் நாள் அடங்கியது.

கிளம்புவதற்கு முன் டாக்டர் அம்மாவிடம் ஃப்ளூ ஊசி பற்றிக் கேட்டேன். ஒன்டாரியோவில் பெரியவர்களுக்கு அது இலவசம், மருந்துக்கடையிலேயே போட்டுக்கொள்ளலாம். இங்கே அப்பாவுக்குத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. சுகாதார நிலையத்திலேயே முதியவர்களுக்குக் கிடைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று அங்கேயே அவரிடம் சொன்னேன். காஷ்மீரில் ஃப்ளூ ஜனவரி முதல் மார்ச் வரை ஏறும், நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஐப்பசி, கார்த்திகையில்தான் ஏறும் என்றார். அதனால் மழைக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், நிமோனியா ஊசியையும் அப்போதே கேட்டுப் பாருங்கள் என்றார்.

கூடத்தில் தொங்கிய புது வருட நாட்காட்டியில் செப்டம்பர் 15-ஐத் தேடிப் பிடித்து, சிவப்புப் பேனாவால் ‘அப்பா, ஊசி’ என்று எழுதினேன். கூட்டிக்கொண்டு போக பக்கத்து வீட்டுத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். அடுத்த முறை நானும் ஒரு மாதம் முன்னதாகவே ஊசி போட்டுக்கொண்டு, வந்து இறங்கிய முதல் மூன்று நாள் முகக்கவசத்தோடு திண்ணையில் உட்கார்ந்துதான் அப்பாவிடம் பேசப்போகிறேன்.