ஹைபிரிடை வீட்டில் சார்ஜ் போடும்படி மாற்றவா, மின்சாரக் காரே வாங்கவா?

டொயோட்டாவின் பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார். பழைய பிரியஸின் சொந்த பேட்டரி 1.3 கிலோவாட் மணிதான் (ஒரு கிலோவாட் மணி என்பது கரண்ட் பில்லில் ஒரு யூனிட்). இரண்டு மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். டிக்கியில் 5 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி சேர்த்து வீட்டில் சார்ஜ் போட்டால், நெல்லையில் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன், டவுன் என்று மின்சாரத்திலேயே 25 கிலோமீட்டர் போல சுற்றலாம். வேகம் 70-ஐ ஒட்டினால் எஞ்சின் வந்தே தீரும். ஈரடுக்கு மேம்பால நெரிசலில் அந்தக் கவலை ஏது! ஆனால் டிக்கியில் ஒரு அரிசி மூட்டைக்குக்கூட இடம் இடிக்கும். மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும்.

முழு மின்சாரக் காருக்கு இந்த அலைச்சல் இல்லை, விலைதான் கடிக்கும். 30 கிலோவாட் மணி பேட்டரி இருந்தால் தென்காசி போய்த் திரும்பலாம். மாற்றிய ஹைபிரிடில் பாதி வழிக்கு முன்பே பெட்ரோல்தான். கையில் ஏற்கெனவே பிரியஸ் இல்லாதவர் மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம்.